கேப்டனின் கழுத்துப்பட்டை

கேப்டன் அன்றைக்கு எட்டுக் கிலோ இருநூறு கிராம் இருந்தது. கால்நடை மருத்துவர் பூபாலன் எடை மேடையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் நிறுத்துப் பார்த்தார். அதே எட்டு இருநூறு.

"ஒரு பூனைன்னா நாலு, நாலரை கிலோ இருக்கணும்மா. இது ரெண்டு பூனை."

மெட்டில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவர் சிரிக்கவில்லை. ஈரல் கெட்டுவிடும், சர்க்கரை வரும், மூட்டு போய்விடும் என்று வரிசையாகச் சொன்னார். மெட்டில்டா தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இறால் தரம் பிரிக்கும் ஷெட் ஒன்றில் வேலை பார்த்தாள். சாயங்காலம் ஒரு பை மீன்தலை இல்லாமல் அவள் வீடு திரும்பியதில்லை. வீட்டில் ஐந்து பூனைகள். கேப்டனும் மோரிசும் தடியன்கள். உப்பு, மிளகு இரண்டும் அளவானவை. சீமாட்டி கிழவி, சிறுநீரகம் பழுதாகி எலும்பும் தோலுமாக இருந்தாள். ஐந்து தட்டு வைத்தால் தடியன்கள் தங்கள் தட்டை முடித்துவிட்டு நேரே சீமாட்டியின் தட்டுக்குப் போவார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வாள். தீனியைக் குறைத்தால் கிழவிதான் பட்டினி கிடந்தாள். கூட்டினால் தடியன்கள் இன்னும் பருத்தார்கள்.

"தனித்தனி ரூம்ல வச்சுப் போடுங்கன்னு போன தடவையே சொன்னேனே," என்றார் பூபாலன்.

"இருக்கதே ரெண்டு ரூம் டாக்டர். நான் காலைல ஆறரைக்குப் போனா பொழுதடையத்தான் வாரேன். யாரு அடைக்க, யாரு திறந்து விட?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு கழுத்துப்பட்டைகளை எடுத்தார். சாம்பல் நிறம், நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு.

"வயித்துலேர்ந்து மூளைக்குக் கழுத்து வழியா ஒரு நரம்பு போகுது. வயிறு நிறைஞ்சா அது வழியாத்தான் சேதி போகும். அந்தச் சேதியை இந்தப் பட்டையே போலியா அனுப்பிடும். வயிறு காலியாத்தான் இருக்கும், ஆனா பூனைக்குப் பசிக்காது. தட்டுக்கிட்ட வரும், மோந்து பாக்கும், கொஞ்சமா தின்னுட்டுப் போயிடும். கிழவி நிம்மதியா சாப்பிடலாம்."

"வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டாள் ஜெனிலா. மெட்டில்டாவின் மகள், பன்னிரண்டு வயது. கேப்டன் அவளுடையது. கண் திறக்காத குட்டியாக வலைக்குவியலுக்குள் கிடந்ததை அவள்தான் எடுத்து வந்தாள். இப்போதும் அது அவள் கழுத்தை ஒட்டிச் சுருண்டுதான் தூங்கும்.

"வலியே கிடையாது பாப்பா. பசியும் கிடையாது. அதான் இதுல விசேஷம்."

தட்டுகளுக்குக் கீழே விரிக்க ஒரு பாயும் தந்தார். ஒவ்வொரு பூனையும் வந்து நிற்கும்போது அது எடை பார்த்து மெட்டில்டாவின் போனுக்குச் சொல்லும்.

ஆட்டோவில் திரும்பும்போது ஜெனிலா இரண்டாவது பொட்டலம் முந்திரி மக்ரூனைப் பிரித்தாள். மெட்டில்டா அவள் கன்னத்தைக் கிள்ளி, "உனக்கும் ஒண்ணு வாங்கி மாட்டணும்ட்டி," என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

மோரிஸ் மாதத்தில் அரைக் கிலோ குறைந்தது. சீமாட்டி தன் தட்டைக் கடைசி வரைக்கும் நக்கிவிட்டு முகம் துடைத்துக்கொள்வதை மெட்டில்டா முதல்முறையாகப் பார்த்தாள். கேப்டன் மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் கேட்டது: கேப்டனின் எடை குறையவில்லை. பட்டையின் அளவைக் கூட்டலாமா? அவள் 'ஆம்' என்பதை அமுக்கினாள். பூசைக்குப் போகும் வழியில் ஒரு தடவை, மீன் கழுவிய கையோடு ஒரு தடவை. அப்படி ஏழு ஞாயிற்றுக்கிழமை.

ஜெனிலா முதலில் காலைச் சாப்பாட்டை விட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்றாள். பிறகு டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தது. பிறகு ராத்திரிச் சோறு.

"பசிக்கலம்மா."

"காலைலேர்ந்து என்னட்டி தின்ன, பசிக்காம இருக்க?"

"தெரியலம்மா. கழுத்து வரைக்கும் நிறைஞ்சு இருக்கு."

அவள் வீம்பு பிடிக்கவில்லை, அழவும் இல்லை. அம்மாவுக்காக ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றுகொண்டே இருப்பாள், விழுங்க முடியாது. மெட்டில்டாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. பிள்ளை சாப்பாட்டை வெறுத்தால் திட்டலாம், கெஞ்சலாம். இவளோ தட்டை வைத்துக்கொண்டு, மன்னித்துக்கொள் என்பது போலப் பார்த்தாள்.

தலை சீவும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. நாற்பத்திரண்டு கிலோ இருந்தவள் முப்பத்தைந்துக்கு வந்திருந்தாள். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, வயிற்று வலி இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை வணக்கத்தில் வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது மெட்டில்டா கையுறையைக் கழற்றாமலே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலையில் ஜெனிலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "எம்மா, பசிக்கு," என்றாள். நான்கு இட்லி தின்றாள். மெட்டில்டா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஹமீதா அவளைத் தனியாக உட்காரவைத்தார்.

"இங்க நல்லா சாப்பிடுறா. வீட்லதான் சாப்பிட மாட்டேங்கிறா. யாராவது அவளைக் குண்டா இருக்கேன்னு கேலி பண்ணுனீங்களா?"

மெட்டில்டாவுக்கு ஆட்டோவில் சொன்னது ஞாபகம் வந்தது.

"இல்லைங்க டாக்டர்," என்றாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஜெனிலா தட்டைத் தள்ளிவைத்தாள்.

மெட்டில்டா உப்பை மாற்றினாள். எண்ணெயைக் கொட்டினாள். தண்ணீர்க் குடத்தைத் தேய்த்துக் கழுவிக் குடிதண்ணீரை வெளியில் வாங்கினாள். தன் கையையே மோந்து பார்த்தாள். இந்த வீட்டில் ஏதோ ஒன்று பிள்ளையைத் தின்கிறது, அது என்னவென்று தனக்குத் தெரியவில்லை. அவளும் இப்போது சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. பிள்ளைக்கு அதுகூட இல்லை.

கணவன் கிளாரன்ஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஆப்பிரிக்கக் கரையோரம் எங்கோ இருந்தான். அவனுடைய அக்கா பிளசிடா மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, பிள்ளையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னட்டி இது, மெட்டில்டா? ஆஸ்பத்திரில தொண்டைக்குள்ள இறங்குது, உன் வீட்டுல இறங்கல. இதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்குத் தெரியல மைனி."

"பெத்தவளுக்குத் தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

சாயங்காலம் கிளாரன்ஸ் பேசினான். கடல் இரைச்சலில் குரல் விட்டுவிட்டு வந்தது. "கொஞ்ச நாள் அக்காட்ட இருக்கட்டும்." சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "நீ ஏதும் பிள்ளைய சொன்னியா மெட்டில்டா?" என்றான்.

அவள் போனை அணைத்தாள். சிக்னல் போய்விட்டது என்று அவன் நினைத்திருப்பான்.

பிளசிடா பிள்ளையைக் கூட்டிப்போன நான்காம் நாள் மணப்பாட்டிலிருந்து போன் வந்தது. "ரெண்டு தோசை தின்னுட்டு மூணாவது கேட்டு வாங்குனா," என்றாள் பிளசிடா. அந்தக் குரலில் வெற்றி இல்லை, சங்கடம்தான் இருந்தது. மெட்டில்டா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அப்படியென்றால் நான்தான். என் கைதான், என் வாய்தான். நான் இல்லாத இடத்தில் என் பிள்ளை பிழைத்துக்கொள்கிறாள்.

இரண்டாம் வாரம் ஜெனிலா கேப்டனைக் கேட்டாள். அவன் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். மெட்டில்டா அதைக் கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனாள். ஜெனிலாவின் கன்னத்தில் லேசாகச் சதை வைத்திருந்தது. மெட்டில்டா மகளைத் தொடக்கூடத் தயங்கி, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் பிளசிடா கூப்பிட்டாள். "மறுபடி சாப்பாட்டை நிறுத்திட்டா," என்றாள். கொஞ்சம் கழித்து, "உன்னைத் தப்பா பேசிட்டேன் போல. கொஞ்சம் வாயேன்," என்றாள்.

மெட்டில்டா மறுநாளே லீவு சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் ஆகியிருந்தது. மேசையில் சோறும் வாளை மீன் குழம்பும் இருந்தன. ஜெனிலா தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளசிடாவும் தன் தட்டில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க சாப்பிடலையா மைனி?"

"எனக்கும் மூணு நாளா இறங்கல. எல்லாம் பிள்ளைய நினைச்சுத்தான்."

மெட்டில்டா அவளையே பார்த்தாள். பிளசிடா தன் புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கே, உடம்பு நின்றால்தானே அழ முடியும் என்று சொல்லி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டவள். கவலை அவள் வயிற்றை அடைத்து யாரும் பார்த்ததில்லை.

"நீங்க எங்க படுக்கிய மைனி?"

"எங்க படுக்க? இருக்கது ஒரு கட்டில். சுவரோரம் பிள்ளை, இந்தப் பக்கம் நான். நடுவுல அந்தத் தடியன், ஆளுக்குப் பாதித் தலையணைய பிடிச்சுக்கிடுதான்."

கேப்டன் ஜன்னல் கட்டையில் வெயிலில் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு அது வரவில்லை. முதல் வாரம் மணப்பாட்டுக்கும் வரவில்லை. மெட்டில்டா எழுந்துபோய்ப் பட்டையைக் கழற்றினாள். உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. பொத்திய கைக்குள் ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு மெல்லிய அதிர்வு, நிற்காமல்.

அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே வயிறு கூப்பாடு போட்டது. இப்போது குழம்பு வாசனையில் வாய் ஊறிக்கொண்டிருந்தது. மேசைக்கு வந்து உட்கார்ந்து, பட்டையைத் தன் தொண்டையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"என்ன செய்தட்டி?" என்றாள் பிளசிடா.

ஒன்றும் ஆகவில்லை. சுவர்க்கடிகாரம் ஓடியது. கால் மணி நேரம் போயிருக்கும். வாயில் ஊறியது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. வயிற்று எரிச்சல், யாரோ ஈரக்கை வைத்து அழுத்தியது போல அடங்கிப்போயிருந்தது. குழம்பு வாசனை இன்னும் வந்தது. நல்ல வாசனைதான். ஆனால் அது பக்கத்து வீட்டு வாசனை போல இருந்தது. தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். தொண்டை வாங்க மறுத்தது. பசியோடு இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் பசிக்கவில்லை. இப்படியே உட்கார்ந்து செத்துப்போகலாம், ஒரு கஷ்டமும் இருக்காது. அந்த நினைப்பு வந்ததும் அவள் கை தானாக உதறியது. பட்டை தரையில் போய் விழுந்தது.

"இதுதான்," என்றாள். "மைனி, இதுதான்."

பிளசிடா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜெனிலா தரையில் கிடந்த பட்டையையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். "எம்மா, நான் அவனுக்குச் சோறு போட்டேன்."

"எவனுக்கு?"

"கேப்டனுக்கு. பட்டை போட்டப்புறம் அவன் தின்னவே இல்லைல்ல? பாவமா இருந்துச்சு. பாயில வைக்காம, கட்டிலுக்கு அடியில மடியில வச்சு ஊட்டி விட்டேன். கையால ஊட்டுனா தின்னான். அப்புறம் எனக்கே வேண்டாம்னு ஆயிட்டு, என் மீனையும் அவனுக்கே குடுத்தேன். என்னாலதானா எல்லாம்?"

மெட்டில்டாவுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. பிள்ளை ஊட்டினாள், அதனால் எடை குறையவில்லை. குறையாததால் போன் கேட்டது. கூட்டக் கூட்டப் பட்டை பூனையைத் தாண்டிப் பக்கத்தில் தூங்கிய பிள்ளைக்குள்ளும் போயிருக்கிறது. அவளுக்குப் பசி போகப் போக அவள் பங்கும் பூனைக்குப் போயிருக்கிறது.

அவள் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மூன்று வாரமாகத் தொடப் பயந்த உடம்பு.

"உன்னால இல்ல மக்கா. ஒவ்வொரு ஞாயிறும் கூட்டவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனது நான். என்னன்னுகூடப் பாக்காம அமுக்குனேன்."

அன்று மாலை நான்கு மணிக்குப் பிளசிடா மூன்று பேருக்கும் மறுபடி குழம்பைச் சூடாக்கினாள். ஜெனிலா முதலில் ஒரு துண்டு மீன் எடுத்தாள். அதைத் தின்ன அவளுக்கு நெடுநேரம் ஆனது. இருவரும் தங்கள் தட்டைத் தொடாமல் பார்த்திருந்தார்கள்.

மெட்டில்டா வீடு திரும்பியதும் மோரிசின் பட்டையையும் கழற்றினாள். டாக்டர் பூபாலனிடம் கேப்டனின் பட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் முதலில் நம்பவில்லை. கால் மணி நேரம் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்தார். நாற்பத்தோரு பூனைக்கு அவர் கையால் மாட்டியிருந்தார். ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, "உடனே கழட்டிடுங்க, வீட்ல யாருக்காவது சாப்பாடு இறங்காம இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பதினேழாவது பெயரில் அவர் விரல் நின்றது.

"பீச் ரோட்டுல தனியா இருந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியார்," என்றார். "மூணு பூனை வச்சிருந்தார். போன மாசம் தவறிட்டார். வயசாயிடுச்சு, சாப்பிடாமலே போயிட்டார்னு சொன்னாங்க. நான் மாலை வாங்கிட்டுப் போனேன்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பூபாலன் பட்டை செய்த கம்பெனிக்கு எழுதினார். ஜெனிலா வீட்டுக்கு வந்தாள். பூனைகளுக்கு இப்போது டாக்டர் முதலில் சொன்ன வழிதான்: மெட்டில்டா ஷெட்டுக்குப் போகுமுன் சீமாட்டியைக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தித் தட்டு வைப்பாள், மற்றதுகளுக்கு அளந்து போடுவாள். சாயங்காலம் ஜெனிலா ஒரு நூலில் காகிதத்தைக் கட்டிக் கேப்டனை முற்றம் முழுக்க ஓடவிட்டாள். மீன்தலைப் பை பாதியானது. கேப்டன் இரண்டு வாரத்தில் நூறு கிராம் குறைந்தது. ஜெனிலா இரண்டு கிலோ ஏறினாள். ஆனாலும் அவள் ஒரு வேளை மெதுவாகச் சாப்பிட்டால் மெட்டில்டாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை காலை கம்பெனிக்காரர் வந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். நல்ல மரியாதை. செருப்பை வாசலிலேயே விட்டார். கொடுத்த காபியை முழுதும் குடித்தார். கம்பெனி மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பட்டைகளை எல்லா ஊரிலும் திரும்ப வாங்கிவிட்டார்களாம். பிறகு மடியில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டார்.

"சில கேள்வி மட்டும் மேடம். இனிமே யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது பாருங்க. எத்தனை நாள்ல ஏழு கிலோ குறைஞ்சுது?"

மெட்டில்டா சொன்னாள்.

"அந்த நாள்ல ஸ்கூலுக்குப் போச்சா? லீவு போடாம?"

"விழுந்த அன்னைக்கு வரைக்கும் போனா."

"ஓடியாடி இருந்துச்சா? படிப்பு, வீட்டு வேலை?"

"இருந்தா."

அவர் வேகமாகக் குறித்துக்கொண்டார். "கோபம், எரிச்சல், அழுகை?"

"அப்படி ஒண்ணும்..." மெட்டில்டா நிறுத்தினாள். இந்த மனிதர் இதுவரை பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம், இதுதான் முக்கியம்." அவர் முன்னால் சாய்ந்தார். "அவ்வளவு நாள்ல ஒரு தடவைகூடப் பசின்னு சொல்லலையா? பசியே தெரியலையா?"

அவர் கண்ணில் வருத்தம் இல்லை. கெட்ட எண்ணமும் தெரியவில்லை. நல்ல இறாலைக் கண்டதும் ஷெட் மேலாளரின் கண்ணில் வருமே, அந்த வெளிச்சம்தான் இருந்தது. மெட்டில்டாவுக்கு ஷெட் ஞாபகம் வந்தது. பத்து மணி நேரம் நிற்கும் எண்பது பெண்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் கையை உதறிக்கொண்டு எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள். இறால் ஓடிவரும் பெல்ட் அரை மணி நேரம் நிற்கும். அந்த அரை மணியை மேலாளர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பசியே தெரியாத ஆட்கள் யார் யாருக்கெல்லாம் வேண்டியிருக்கும்? அகதி முகாம், ஜெயில், கிளாரன்சின் கப்பல் என்று எங்கெங்கோ அவள் மனசு ஓடியது.

"பசிச்சுது," என்றாள்.

"என்ன மேடம்?"

"பசிச்சுதுங்க. நாள் பூரா பசி, பசின்னு கத்துனா. வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடப்பா. திங்கவும் முடியல, பசியும் அடங்கல. பாக்கச் சகிக்கல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "டாக்டர் ரிப்போர்ட்ல வேற மாதிரி இருக்கே."

"டாக்டருக்கு என்ன தெரியும்? கூட இருந்தவ நான்."

அவர் உள் அறைப் பக்கம் திரும்பினார். ஜெனிலா நிலைப்படியில் நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவர் சிரித்த முகத்தோடு கேட்டார்.

"நீ சொல்லு பாப்பா. அம்மா சொல்றது சரியா? உனக்குப் பசிச்சுதா?"

மெட்டில்டா மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள் ஜெனிலா. "ரொம்பப் பசிச்சுது. செத்துருவேன் போல இருந்துச்சு."

அவர் சற்று நேரம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டில் எதையோ அழித்தார், எதையோ எழுதினார். நன்றி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மெட்டில்டா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பகல் பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை.

ஜெனிலா வந்து பக்கத்தில் நின்றாள்.

"எம்மா, அவரு நம்பிட்டாரா?"

வெளியே கார் கிளம்பவில்லை. அவர் உள்ளே உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை.

"தெரியல மக்கா," என்றாள் மெட்டில்டா. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கார் போகும் வரைக்கும் நகரவில்லை.